பம்ப் ஹவுஸ் ரோட்டுக் கூண்டுகள்

காக்ஸ் டவுனில் பம்ப் ஹவுஸ் ரோட்டின் கோடியில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த தாஸுக்கு உலகத்தில் பிடிக்காத கூட்டம் ஒன்றே ஒன்றுதான். கூட்டம் போட்டுப் பேசுகிற கூட்டம். கையால் பிழைக்கிறவன் பேசிக்கொண்டே வேலை செய்வான், இல்லாவிட்டால் பேசாமல் வேலை செய்வான். வேலையே இல்லாமல் பேசுவதற்குத்தான் நாற்காலி வேண்டும், மேஜை வேண்டும், மாதம் பிறந்தால் பென்ஷன் வேண்டும். இது தாஸின் சித்தாந்தம். பொய்யென்று நிரூபித்தவர்கள் இன்றுவரை யாரும் இல்லை.

அவருடைய தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்குச் சுரங்கவேலைக்கு வந்தவர். தாஸ் இரண்டாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வயதில் சுரங்கத்துப் பட்டறையில் துருத்தி ஊத நின்றார். முப்பது வயதில், ஆட்களைப் பூமிக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டுக்கு ரிவெட் அடிக்கிற கை அவருடைய கைதான். படித்த துரைகளெல்லாம் அந்தக் கூண்டுக்குள் நின்றுகொண்டுதான் கீழே போனார்கள், மேலே வந்தார்கள். அவர்களுடைய பட்டம் அவர்களைத் தாங்கவில்லை. தாஸின் ரிவெட் தாங்கியது.

சுதந்திரம் வந்த மறு வருஷம், மனைவி ரோஸி, ஒரு சம்மட்டி, இரண்டு குறடு, இவ்வளவோடு பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகையில் உலை மூட்டினார். மூன்றாவது வருஷம் சொந்தத் தகரக் கூரை. கைதூக்கிவிட்டவன் ஒருவன் கிடையாது. இதை அவர் கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கு இன்னும் விவரமாகச் சொன்னார்.

தங்கவயல் பட்டறையிலிருந்து ஒரே ஒரு சட்டத்தை மட்டும் அவர் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். ஆள் உயிர் தொங்குகிற இடத்தில் போல்ட்டும் நட்டும் ஆகாது. திருகினது ஒருநாள் கழலும். பழுக்கக் காய்ச்சின ரிவெட்டை ஓட்டையில் விட்டு இரண்டு பக்கமும் தலை தட்டிவிட்டால் இரண்டு இரும்பும் ஒரே இரும்பு. சுரங்கத்துக்குள் அது சரி. தாஸ் அதைக் காக்ஸ் டவுனுக்கும் சரியென்று வைத்துக்கொண்டார். ஜன்னல் கம்பிக்கும் ரிவெட், காம்பவுண்டு கேட்டுக்கும் ரிவெட். போல்ட் வைத்துத் தரச் சொன்னவர்களிடம், "போல்ட்டு வேணும்னா கடையில போயி வாங்கிக்கோ, இங்க வேலை நடக்குது" என்று சொல்லி அனுப்பினார். வாடிக்கை குறையவில்லை, கூடியது. வாயும் சேர்ந்து கூடியது.

இப்படி இருக்கையில், ஐம்பத்தொன்றில், ரோட்டுக்காரர்களுக்கு மரம் நடுகிற ஆசை வந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் தேசம் முழுக்க வன மகோத்ஸவம் என்று ஆரம்பித்திருந்தார்கள். தேசம் நட்டால் பம்ப் ஹவுஸ் ரோடு சும்மா இருக்குமா? மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஆராவமுதன் தலைவர். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஹெர்பர்ட் காரியதரிசி. சங்கத்துக்குப் பெயர் வைக்கவே நாலு கூட்டம் ஆயிற்று. என்ன மரம் என்று முடிவுசெய்ய மூன்று. கடைசியில் தூங்குமூஞ்சி மரம் என்று தீர்மானம். ஆட்களைப் பார்த்துத்தான் மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தாஸ் பட்டறையில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

ஜூலை முதல் வாரத்தில் பன்னிரண்டு கன்று நட்டார்கள். மாலை, ஊதுபத்தி, புகைப்படம், சொற்பொழிவு எல்லாம் நடந்தன. தண்ணீர் ஊற்ற ஆளை யாரும் நியமிக்கவில்லை, அந்த விஷயம் எந்தத் தீர்மானத்திலும் வரவில்லை. ஆனால் கன்றுகள் தாகத்தால் சாகவில்லை. அதற்கு நேரமே கிடைக்கவில்லை. ஒன்பதாவது நாள் மார்க்கெட் பக்கத்து ஆடுகள் வந்து பன்னிரண்டையும் வரிசையாக முடித்துவிட்டுப் போயின. சங்கம் அவசரமாகக் கூடி ஆடுகளைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டது. அதை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதி விளக்குக் கம்பத்தில் ஒட்டினார்கள். ஆடுகள் அந்தக் காகிதத்தையும் தின்றன.

மறு வருஷம் புதுக் கன்றுகள் நடுமுன் ஆராவமுதன் வேறு வழியில்லாமல் தாஸைக் கூப்பிட்டனுப்பினார். தாஸ் அவர் வீட்டுக் கூடத்து வாசல் நிலையருகே போய் நின்றார். உள்ளே ஏழு நாற்காலி, ஏழு பேர். எட்டாவது நாற்காலி என்று ஒன்று அந்த வீட்டில் இல்லாமல் இல்லை. போடவில்லை, அவ்வளவுதான். தாஸ் நின்றபடியே சொன்னார்: ஆள் உயர இரும்புக் கூண்டு, நெட்டுக்குப் பட்டை, குறுக்கே மூன்று வளையம், கீழே ஒன்றரை அடி மண்ணுக்குள். ஆடென்ன, எருமை வந்து முதுகு சொறிந்தாலும் அசையாது.

இரும்பு கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. ஆராவமுதன் காகிதத்தில் கணக்குப் போட்டு, ஒரு அடி குறுக்களவு வைத்தால் இருக்கிற பட்டையில் பன்னிரண்டு கூண்டு தேறும் என்றார். ஒன்றரை அடி வைத்தால் எட்டுத்தான். ரிப்போர்ட்டில் எட்டு என்று எழுதினால் நன்றாக இராது. ஒவ்வொரு கூண்டின் நடு வளையத்திலும் இரும்பு கொடுத்தவர் பெயரைத் தகட்டில் அடித்துப் பதிக்க வேண்டும் என்பதும் முடிவாயிற்று. மரத்தின் பெயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஹெர்பர்ட் தொண்டையைச் செருமினார். மெலிந்த ஆசாமி, பேசினால் மூக்குக்கண்ணாடியைத்தான் பார்த்துப் பேசுவார். "மிஸ்டர் தாஸ், மரம் பெருக்குமே. ஒரு பக்கம் கீலும் இன்னொரு பக்கம் போல்ட்டும் வெச்சிட்டா, பின்னால கழட்டிக்கலாம் இல்லையா?"

தாஸுக்குச் சுருக்கென்றது. ரயில்வே கூட்ஸ் சீட்டில் முத்திரை குத்துகிறவன் இரும்புக்கு யோசனை சொல்வதா?

"கழட்றதுக்கா சார் கூண்டு கட்றோம்? போல்ட்டு வெச்சா ஒரே வாரத்துல ஒருத்தன் ஸ்பேனரோட வந்து இரும்ப எடுத்துக்கினு போயிடுவான். அப்பறம் மரத்தச் சுத்தி உங்க மினிட்ஸ் புக்கத்தான் கட்டணும்."

ஏழு பேரில் ஆறு பேர் சிரித்தார்கள். ஆராவமுதன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஹெர்பர்ட் நோட்டில் ஏதோ எழுதி மூடிவைத்தார்.

பன்னிரண்டு கூண்டுக்கும் தாஸ் ரிவெட் அடித்தார். ஒவ்வொன்றின் மேல் வளையத்திலும், தகட்டுப் பெயருக்கு மேலாக, தன் பெயரை உளியால் கொத்தினார். எழுதத் தெரியாவிட்டாலும் அந்த எழுத்துகள் மட்டும் அவர் கைக்குத் தெரியும்.

கூண்டு நின்றது. ஆடுகள் வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போயின. ஒரு கட்டைவண்டி ஐந்தாம் கூண்டில் மோதியதில் வண்டியின் அச்சு முறிந்தது, கூண்டில் ஒரு கீறல் இல்லை. பஸ் ஒன்று பின்பக்கமாக வந்து ஏழாவதை இடித்தது. பஸ்ஸுக்குத்தான் தகரம் தட்ட வேண்டியிருந்தது, அதையும் தாஸ்தான் தட்டினார். பிரேசர் டவுனிலிருந்து ஆள் வந்தார்கள், ஆஸ்டின் டவுனிலிருந்து, ரிச்மண்ட் டவுனிலிருந்து வந்தார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கும் அப்படியே ஒன்று என்றார்கள். தாஸ் கூண்டு என்றே அதற்குப் பெயர் ஆகிவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார்: "நூறு வருசம் ஆனாலும் திறக்காது." மரம் என்ற ஒன்று அதற்குள் இருப்பதை அவர் ஏறக்குறைய மறந்தேபோனார். சுரங்கத்தில் அவர் கண்ட மரமெல்லாம் வெட்டிக் கொண்டுவந்து கூரைக்கு முட்டுக் கொடுத்தவைதான். வளர்கிற மரத்தோடு அவருக்கு என்ன பழக்கம்?

ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துவிட்டு, கையில் எண்ணெய்த் துணியோடு ரோட்டில் ஒரு நடை போவார். ஒவ்வொரு கூண்டாகத் துடைப்பார். ஆராவமுதன் பால்கனியிலிருந்து, "தாஸ், மரம்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்பார். தாஸ், "கூண்டு நல்லா இருக்குது சார்" என்பார். இரண்டு பேருக்கும் இந்தப் பதிலில் ஒரு குறையும் தெரியவில்லை.

அறுபத்தொன்றில் சங்கத்துக்குப் பத்து வயது. ஜூலையில் பெரிய விழா வைக்க வேண்டும் என்று ஜனவரியிலேயே கூடிப் பேச ஆரம்பித்தார்கள். மே மாதம் நாலு நல்ல மழை பெய்தும், ஆராவமுதன் வீட்டு வாசலில் இருந்த மூன்றாம் மரம் உச்சியில் மஞ்சளடித்தது. ஜூனில் ஒரு கிளை காய்ந்தே போயிற்று. ஒருவர் கண் திருஷ்டி என்றார், ஒருவர் எருப் போதவில்லை என்றார். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரின் குணம் என்று ஒருவர் சத்தியம் செய்தார். விசாரிக்க மூன்று பேர் கொண்ட உபகமிட்டி அமைத்தார்கள். உபகமிட்டி மரத்தைச் சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்து, மரம் வாடியிருப்பது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. மரத்தைத் தொட்டுப் பார்க்க ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பூணூல் போட்ட மாதிரி தகடு மாட்டின மரம், அதைத் தொடுவானேன்?

தாஸ் அந்த ஞாயிறு வழக்கம்போலத் துணியோடு போனார். விழாவுக்குக் கூண்டுகளுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிக்கப்போவதாகப் பேச்சு இருந்ததால், துரு எங்கே என்று பார்க்கச் சின்னச் சுத்தியையும் எடுத்துப் போயிருந்தார். பட்டறைக்காரன் துருவைக் கண்ணால் தேடுவதில்லை, தட்டித்தான் பார்ப்பான். நல்ல வளையம் டங்கென்று பேசும், பழுது பட்டது முனகும். மூன்றாம் கூண்டின் நடு வளையத்தைத் தட்டினார்.

டொக் என்றது.

மண்சுவரைத் தட்டினாற்போல. அவர் இன்னொரு முறை தட்டினார். குனிந்து பார்த்தார். தொந்திக்காரன் இடுப்புப் பெல்ட்டின் மேலும் கீழும் சதை பிதுங்குகிற மாதிரி, மரம் வளையத்துக்கு மேலும் கீழும் பிதுங்கியிருந்தது. கீழ் வளையத்தில் பாதியைப் பட்டை மூடியே விட்டது. இத்தனை ஞாயிறு அவர் துடைத்தது வெளிப்பக்கத்தை. உள்ளே இரும்பு மரத்தின் கழுத்தைப் பிடித்திருந்ததை அவர் பார்த்ததில்லை, ஏனென்றால் மரத்தையே பார்த்ததில்லை.

ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பன்னிரண்டையும் தட்டினார். நாலு மட்டும் டங்கென்றது. அவை மண் சரியில்லாத இடத்தில் சோகை பிடித்து நின்றவை. நன்றாக வளர்ந்த எட்டும் டொக் என்றன. எது செழிப்பாக வளர்ந்ததோ அதைத்தான் அவருடைய வேலை முதலில் கொன்றுகொண்டிருந்தது.

மத்தியானம் தட்டில் சோறு ஆறிக்கிடந்தது. ரோஸி என்னவென்று கேட்டாள். அவர் சொன்னார், அதிலும் ஆராவமுதனைத்தான் முதலில் சொன்னார். ஒரு அடி என்று அளவு கொடுத்தவர் அவர், பேராசை பிடித்த சங்கம், பன்னிரண்டு என்று எழுதிக்கொள்ள வேண்டுமென்று இரும்பைக் குறைத்தவர்கள் அவர்கள். ஒன்றரை அடி வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

ரோஸி குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். "ஒரு அடி அந்த ஐயரு சொன்னாரு. சரி. ரிவெட்டு யாரு அடிச்சது?"

தாஸ் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஒன்றரை அடி வெச்சிருந்தா இன்னும் அஞ்சு வருசம் கழிச்சு நெரிச்சிருக்கும். திறக்கவே திறக்காதுன்னு ஊர் ஊரா தம்பட்டம் அடிச்சவன் நீ. அந்தக் கண்ணாடிக்காரர் அன்னிக்கு என்னமோ கேட்டாருன்னு வந்து நீதானய்யா சொல்லிச் சொல்லிச் சிரிச்ச?"

அதுதான் முள். ஹெர்பர்ட் கேட்டது. குமாஸ்தா, சம்மட்டி பிடிக்காதவன், பட்டறைத் துருத்தியைத் தொட்டுப் பார்க்காதவன், அவன் கேட்டது சரி. இதை ஒப்புக்கொள்வதைவிடப் பழுத்த இரும்பை வெறுங்கையால் எடுப்பது தாஸுக்குச் சுலபம்.

சாயங்காலம் சங்கம் கூடியிருந்தது. தாஸ் வாசல் நிலையருகே போய் நின்றார். அவர் வாயைத் திறக்குமுன் ஆராவமுதன் முகமெல்லாம் சிரிப்பாக அழைப்பிதழின் அச்சுப்பிரதி ஒன்றை நீட்டினார்.

"நீ வந்தது நல்லதாப் போச்சு. பாரு, கூண்டு அமைத்த திரு. தாஸ் அவர்கள்னு போட்டிருக்கோம். மேடையில உனக்கு ஒரு நாற்காலி. சால்வையும் உண்டு."

தாஸ் அந்தக் காகிதத்தை வாங்கினார். மற்றதெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. தன் பெயர் மட்டும் தெரிந்தது. ஒன்பது வருஷம் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர். நாற்காலி ஒரு மரச்சாமான், அதற்கு ஆசைப்படுகிறவன் தாஸ் இல்லை என்று யாராவது சொன்னால் அவனுக்கு நின்று பழக்கமில்லை என்று அர்த்தம். அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம்.

"கூண்ட வெட்டணும் சார்" என்றார்.

என்ன, ஏன் என்று ஏழு பேரும் கேட்டார்கள். அவர் சொன்னார். கேட்டு முடித்ததும் அவர்கள் மரத்தைப் பற்றி விசாரிக்கவில்லை, தகடுகளைப் பற்றி விசாரித்தார்கள். நடு வளையத்தை வெட்டினால் பெயர்த்தகடு என்ன ஆகும்? இரும்பு கொடுத்தவர்கள் விழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறார்களே? ஆராவமுதன் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். விழா முடியட்டும், ஆகஸ்டில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதுவரைக்கும் மழைக்காலம் சார், மழை பெய்தால் மரம் பெருக்கும், பெருத்தால் இன்னும் இறுகும் என்றார் தாஸ்.

ஆராவமுதன் குரலைத் தாழ்த்தினார். சர்க்காரில் முப்பது வருஷம் கோப்பு தள்ளினவர்களுக்கு ஒரு குரல் உண்டு, மிரட்டுவது யோசனை சொல்கிற மாதிரியே இருக்கும். "பத்து வருஷ ரிப்போர்ட் அச்சாயிடுத்து. கூண்டுகள் குறைவற்றவைன்னு எழுதியிருக்கோம். இப்போ வெட்டினா குறை யாருதுன்னு நாலு பேர் கேப்பா. நீ என்னப்பா பதில் சொல்லுவே?"

தாஸ் ஹெர்பர்ட்டைப் பார்த்தார். ஹெர்பர்ட் தன் நோட்டைப் பார்த்தார். தாஸ் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

விழா ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ரோடு நிறைய ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில், தாஸ் சம்மட்டி, வெட்டுளி, இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடு மூன்றையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மரத்துக்கு வந்தார். இருட்டினபிறகு வந்து வெட்டிவிட்டு, எவனோ திருடன் செய்தான் என்று விட்டிருக்கலாம். படித்தவன் அப்படித்தான் செய்திருப்பான். தாஸ் திருடன் இல்லை.

முதல் ரிவெட்டின் தலையைச் சீவவே கால் மணி நேரம் ஆயிற்று. "எந்த மடையன்டா இப்பிடி அடிச்சான்" என்று திட்டினார். உடனே, "அடிச்சா இப்பிடி அடிக்கணும்" என்றும் சொல்லிக்கொண்டார். நெருப்பு வைத்தால் சுலபம், ஆனால் பட்டை கருகிவிடும். சம்மட்டியை ஓங்கி அடித்தால் மரம் அதிரும். அதனால் கீழ் வளையத்தை, பட்டை மூடின இடத்தில், பிளேடால் அங்குலம் அங்குலமாக அறுக்க வேண்டியிருந்தது. பிளேடு முறிந்தது. இன்னொன்று மாட்டினார். கூட்டம் சேர்ந்தது. கூண்டு அடித்தவனே கூண்டை உடைக்கிறான், சங்கத்தோடு கூலித் தகராறு என்று ஒருவன் இன்னொருவனுக்கு விளக்கினான்.

ஆராவமுதன் குடையோடு இறங்கி வந்தார். வேட்டியின் கரை தரையில் புரண்டது. "யாரைக் கேட்டு வெட்டறே?"

"அடிச்சவனைக் கேட்டு."

"இது சங்கத்தோட சொத்து. போலீஸுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க சார். வரவன்கிட்ட நானே சொல்றேன்." தாஸ் நிமிர்ந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார். ரோஸி எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்தாள், பால்காரர் நின்றிருந்தார், இரும்பு கொடுத்தவர்களில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "தப்பு என்னுது. ஒரு அடின்னு இவரு சொன்னது இருக்கட்டும். திறக்கறதுக்கு வழி வெக்காம அடிச்சவன் நானு. சுரங்கத்துக்குள்ள அடிக்கிற மாதிரி அடிச்சேன். சுரங்கத்துக்கூண்டுக்குள்ள ஆளு வளர மாட்டான். மரம் வளரும். இது ஒரு ஆளுக்கு அன்னைக்கே தெரிஞ்சுது. நான்தான் சிரிச்சேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்பார்கள். தாஸுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. எரிச்சலாக இருந்தது. மறுபடி குனிந்துகொண்டார்.

ஹெர்பர்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஆபீஸ் கோட்டு, டிபன் டப்பா. வெட்டக் கூடாதென்று சங்கத்தின் தீர்மானத்தைப் படிக்கத்தான் வருகிறார் என்று ஆராவமுதன் வழிவிட்டார். ஹெர்பர்ட் டிபன் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, அறுபட்ட வளையத்தின் முனையைக் கைக்குட்டையால் பிடித்து வெளியே இழுத்தார்.

"மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார் தாஸ், நிமிராமலே.

"எப்படி மறக்கும்? மினிட்ஸ்ல தேதியோட எழுதி வெச்சிருக்கேன்."

"நான் சிரிச்சதுமா?"

"நீங்க சொன்னது, அவங்க சிரிச்சது, எல்லாம்" என்றார் ஹெர்பர்ட். "இழுக்கறேன், அறுங்க. எனக்கு பத்தரைக்கு ஆபீஸ்."

பத்தரைக்கு அவர் ஆபீஸுக்குப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் எட்டுக் கூண்டும் திறந்தன. டங்கென்று பேசிய நாலையும் தாஸ் விடவில்லை. அவையும் ஒருநாள் வளரும். பெயர்த்தகடுகளை ஒரு சாக்கில் போட்டு ஆராவமுதன் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார். அந்தச் சாக்குக்கு அந்த வீட்டில் உடனே இடம் கிடைத்தது, கூடத்து நடுவில்.

மறுநாள் விழா நடந்தது. தலைமை தாங்க வந்த பெரிய மனிதர் ரோட்டில் காரை விட்டு இறங்கி நேராகப் பந்தலுக்குள் போனார், நேராக மேடையேறினார், எழுதிக் கொடுத்ததைப் படித்தார். பத்தாண்டுகளாக இம்மரங்களைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து நிற்கும் இந்த இரும்புக் கூண்டுகள் என்று கையை நீட்டிக் காட்டினார். கை காட்டிய இடத்தில் மரம்தான் நின்றது, இடுப்பில் தழும்போடு. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, பலமாகக் கைதட்டினார்கள். தாஸுக்கென்று போட்ட நாற்காலியில் இரும்பு கொடுத்த யாரோ ஒருவருடைய மைத்துனர் உட்கார்ந்திருந்தார். தாஸ் பந்தலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பட்டறைக்குத் திரும்பிப் போனார்.

மூன்றாம் மரம் பிழைக்கவில்லை. அடுத்த கோடையில் அடிவரை காய்ந்து கார்ப்பரேஷன் ஆட்கள் வெட்டிக்கொண்டு போனார்கள். மற்ற பதினொன்றும் நின்றன. சங்கம் அடுத்த ரிப்போர்ட்டில், காலத்தே எடுத்த நடவடிக்கையால் பதினொரு மரங்கள் காப்பாற்றப்பட்டன என்று எழுதிக்கொண்டது. யார் எடுத்த நடவடிக்கை என்று எழுதவில்லை.

ஆனால் தாஸுக்கு வேலை முடியவில்லை. ரோடு ஒன்றுதானா? பிரேசர் டவுன், ஆஸ்டின் டவுன், ரிச்மண்ட் டவுன் என்று பத்து வருஷத்தில் அவர் கை போகாத இடம் கிடையாது. எந்த வாசலில் எந்தக் கூண்டு என்பது அவருக்கு மனப்பாடம். பட்டறையைக் காலையில் நடத்தினார், மத்தியானத்துக்குமேல் பிளேடுப் பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். இரும்பு திருட வந்தவன் என்று விரட்டியவர்கள் உண்டு. பழைய கூண்டைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கூண்டு தலையில் கட்டத் தந்திரம் செய்கிறான் என்றவர்கள் உண்டு. புதிதாக அவர் அடித்த கூண்டுகளில் கீல் இருந்தது, விரலால் திருகுகிற நட்டு இருந்தது. வாடிக்கைக்காரர்கள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். பழைய வேலை மாதிரி இல்லையே தாஸ், கை தளர்ந்துபோச்சா என்றார்கள். அந்த மரமண்டைகளுக்கு ஒவ்வொரு முறையும் அவர் தன் தப்பை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இருந்த வாயெல்லாம் அதற்கே செலவாயிற்று.

ரிச்மண்ட் டவுனில் ஒரு பங்களாக்காரர் நாலு முறை கேட்டோடு திருப்பி அனுப்பினார். ஐந்தாவது முறை, கூண்டில் கை வைப்பதானால் அதிகாரபூர்வமாகக் கடிதம் வேண்டும் என்றார். தாஸ் காக்ஸ் டவுனுக்குத் திரும்பி வந்து ஹெர்பர்ட் வீட்டுக்குப் போனார். நாற்காலி போட்டார்கள். உட்காராமல் விஷயத்தைச் சொன்னார்.

ஹெர்பர்ட் சங்கத்தின் தலைப்புத்தாளை எடுத்து மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்தார். "என்ன எழுதணும்?"

"இந்தக் கூண்ட அடிச்சவன் இவன்தான். வேலைல தப்பு இருக்குது. வெட்ட விடுங்க. அவ்வளவுதான்."

ஹெர்பர்ட் எழுதினார். பிறகு தயங்கினார். "தப்புன்னே போடணுமா? டிசைன்ல சின்ன மாறுதல்னு போடலாம். மரியாதையா இருக்கும்."

"தப்புன்னு போடுங்க சார். மாறுதல்னா அவன் ஆகஸ்ட்ல பாக்கலாம்பான்."

ஹெர்பர்ட் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். தாஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கீழே, கையெழுத்துப் போடுகிற இடத்தில், கூண்டில் கொத்துகிற அதே எழுத்துகளைப் பேனாவால் இட்டார். பேனா அவருக்குப் பழக்கமில்லை, நிப்பு வளைந்தது. காகிதத்தை ஊதிக் காயவைத்து, பிளேடுப் பையில் போட்டுக்கொண்டு, ரிச்மண்ட் டவுன் பஸ்ஸைப் பிடிக்க எழுந்தார்.